6ஆம் இலக்க நிப்பு மாற்றுவது: உருக்கா, தங்கமா, டைட்டேனியமா?

நீலமை:
வணக்கம். ஊற்றுப் பேனைக்கு நிப்பு மாத்துறது பற்றி ஒரு தெளிவு வேணும். பேனை ஜின்ஹாவ் எக்ஸ்750, நிப்பு மீடியம் (நடுத்தரத் தடிப்பு). சி.ஆர். கொப்பியில எழுதேக்க ண, ணை, இ எல்லாத்தின்ர சுழியும் மையால அடைபடுது. தாளின்ர மற்றப் பக்கத்துக்கும் ஊறுது. காலமை மூடியைத் திறந்தவுடன முதல் நாலைஞ்சு புள்ளி விழாது, "க்" எல்லாம் "க" ஆகத்தான் நிக்குது.
என்ன அளவில வாங்கவேணும்? உருக்கு, தங்க முலாம், 14 கரட், டைட்டேனியம் எண்டு நாலு வகை காட்டுறாங்கள். விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். எதுக்குக் காசைப் போடலாம்?

வல்லைவெளி:
எக்ஸ்750க்கு நிப்பின்ர அளவு 6ஆம் இலக்கம். 6 எண்டு எழுதியிருக்கிற எதை வாங்கினாலும் சரியாக இருக்கும். இழுத்துக் கழற்றிப்போட்டுப் புதுசைச் செருகவேண்டியதுதான்.

ஒற்றுத்தாள்:
வல்லைவெளி, பாதிதான் சரி. எக்ஸ்750, எக்ஸ்450, 159 மூண்டும் 6ஆம் இலக்க நிப்பை எடுக்கும், ஏறத்தாழ 35 மி.மீ. நீளம். இந்தியக் கடைகளில "35 மி.மீ. நிப்பு" எண்டு கேட்டால் தாறது இதைத்தான். ஆனால் எக்ஸ்159 எண்டு பெயருக்கு முன்னால எக்ஸ் வந்தால் அது 8ஆம் இலக்கம். ஒரு எழுத்து மாறினதால பிழையான நிப்பை வாங்கிற ஆக்கள் கனபேர்.

இன்னொண்டு. இலக்கம் எண்டது நிப்புத் தகட்டை மட்டும் வைச்சுச் சொல்லுறதில்லை. நிப்புக்குக் கீழ இருந்து மையைக் கொண்டுவாற கறுப்பு நாக்கின்ர விட்டம்தான் அடிப்படை. 5ஆம் இலக்கத்துக்கு ஏறக்குறைய 5 மி.மீ., 6க்கு 6 மி.மீ. ஒவ்வொரு கொம்பனியும் அந்த வளைவைக் கொஞ்சம் கொஞ்சம் மாத்தித்தான் அடிக்கிறது. ஜெர்மனியில ஜோவோவும் பொக்கும்தான் மற்றக் கொம்பனிகளுக்கு நிப்புச் செய்து குடுக்கிற பெரிய இடங்கள். இரண்டின்ர 6ஆம் இலக்கத் தகடும் பார்வைக்கு ஒண்டுதான். ஆனால் ஜோவோ தகட்டைப் பொக் நாக்கில வைச்சால் சில வேளை இரண்டு பக்கமும் விளிம்பு தூக்கி நிக்கும், சில வேளை நடுவில இடைவெளி விடும். இடைவெளி விட்டால் மை அந்த இடத்தில அறுபடும்.

நிப்பும் நாக்கும் மரை போட்ட கூட்டுக்குள்ள சேர்ந்து முழு அலகாக வாறதை மாத்துறதெண்டால் இன்னும் கவனம். பொக் அலகு பொக் பேனைக்கு, ஜோவோ அலகு ஜோவோ பேனைக்கு. மரை ஏறுது எண்டதுக்காகப் பொருந்திவிட்டுது எண்டு நினைக்கவேண்டாம். கூட்டின்ர படி வேறயாக இருந்தால் கழுத்துக்குள்ள (விரலால பிடிக்கிற பகுதிக்குள்ள) மை கசியும்.

தம்பி நீலமை, உங்கட பேனையில மரை இல்லை, இறுக்கிச் செருகினது. அதால நாக்கு பழையதாகவே நிக்கும், தகடு மட்டும்தான் மாறும். வாங்க முதல் வேணியரால ரெண்டு அளவு எடுங்கோ: இப்ப இருக்கிற நிப்பின்ர முழு நீளம், தோள்ப் பக்க (ஆகக் கூடின) அகலம். 6ஆம் இலக்கத்துக்கு அகலம் 9 மி.மீ.க்குக் கிட்ட வரும்.

பூவரசு:
மூடியின் ஆழத்தையும் அளந்துவிடுங்கள். 6ஆம் இலக்கத்திலேயே ஒரு கொம்பனியின் நிப்பு மற்றதைவிட ஒரு மி.மீ. நீளமாக இருக்கலாம். கழுத்துக்கு வெளியே நீளம் கூடினால், மூடும்போது நுனி உள்மூடியின் அடியில் முட்டி வளைந்துவிடும். ஒரு ஈர்க்கை மூடிக்குள் அடிவரை விட்டு, வாயோடு நிற்கும் இடத்தில் நகத்தால் அடையாளம் போட்டு, வேணியரில் வைத்துப் பாருங்கள். மூடிய நிலையில் மூடிக்குள் போகும் கழுத்தின் நீளத்தையும், கழுத்துக்கு வெளியே நிற்கும் நிப்பின் நீளத்தையும் கூட்டினால் மூடியின் ஆழத்தைவிட 2 மி.மீ. குறைவாக இருக்கவேண்டும்.

உலோகக் கேள்விக்கு வருகிறேன். தங்கம் வழுவழுப்பாக எழுதும் என்று சொல்வதை முதலில் ஒதுக்கி வைப்போம். தாளைத் தொடுவது தங்கம் அல்ல. நுனியில் ஒட்டவைத்த கடினமான உலோக மணிதான் தொடுகிறது. உருக்கு நிப்பிலும் தங்க நிப்பிலும் அந்த மணி ஒரே வகைக் கலப்புலோகம். இரிடியம் என்று பழக்கத்தில் சொன்னாலும் இன்று பெரும்பாலும் ருத்தேனியம், ஒஸ்மியம், தங்குதன் கலந்தவை. வழுவழுப்பு அந்த மணியை எப்படித் தேய்த்து மெருகிட்டார்கள் என்பதில் இருக்கிறது. நன்றாக மெருகிட்ட உருக்கு நிப்பு, கவனமில்லாமல் மெருகிட்ட 14 கரட்டைவிட இதமாக எழுதும்.

தங்க முலாம் நிறத்துக்கு மட்டும். உடம்பு உருக்குத்தான்.

மைக்கூடு:
பூவரசு சொல்வதில் ஒரு பகுதியை மறுக்கிறேன். மணி ஒன்றென்றாலும் கை உணர்வது மணியை மட்டுமல்ல. தங்க நிப்பின் இரண்டு பற்களும் (நுனிப் பிளவின் இரு பக்கமும்) கொஞ்சம் வளைந்து கொடுக்கும். தமிழ் எழுத்தில் ஒரே எழுத்துக்குள் பேனை இடம் வலம், மேல் கீழ் என்று எல்லாத் திசையிலும் திரும்புகிறது. ஞ, இ, ழ எழுதும்போது நுனி இடதுபக்கம் தள்ளுப்படும். அந்த இடத்தில் விறைத்த நிப்பு தாளைக் கீறும், கொடுக்கும் நிப்பு வழுக்கிப் போகும். நாளுக்கு இருபது பக்கம் எழுதுபவருக்கு 14 கரட் வீண் செலவு அல்ல.

பூவரசு:
கொடுப்பது உண்மை. ஆனால் அது உலோகத்தால் மட்டும் வருவதில்லை. உயர்தரப் பௌதிகம் படித்தவர்களுக்கு யங்கின் மட்டு நினைவிருக்கும். உருக்குக்குச் சுமார் 200 கிகாபஸ்கால், டைட்டேனியத்துக்கு 110 அளவில், தூய தங்கத்துக்கு 79 அளவில். இதை மட்டும் பார்த்தால் உருக்கு மிக விறைப்பு. ஆனால் நிப்பின் பல் ஒரு முனை பிடித்த சட்டம் போன்றது. தடிப்பு இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு, நீளம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டில் ஒன்று. தகட்டைச் சற்று மெல்லியதாக அடித்தாலோ, தோளில் வெட்டு விட்டாலோ உருக்கும் கொடுக்கும். ஜப்பானின் சேலர் கொம்பனியின் 21 கரட் நிப்புகள் பல விறைப்பாக இருப்பதற்கும் தடித்த தகடுதான் காரணம்.

கரட் கூடினால் நிப்பு நல்லது என்ற கணக்கும் சரிவராது. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் நகை வாங்கிப் பழகிய கண்ணுக்கு 22 கரட்தான் தங்கம், 14 கரட் கலப்படம். நிப்பில் அது தலைகீழ். 14 கரட் என்றால் 58.5 சதவீதம் தங்கம், மிச்சம் செம்பு, வெள்ளி. அந்தக் கலப்புத்தான் வளைந்த பல்லைத் திரும்பக் கொண்டுவருகிறது. 18 கரட் 75 சதவீதம், சற்று மென்மை, வளைந்தால் வளைந்தபடி நிற்கும் சாத்தியம் கூட. நிப்பில் 585 அல்லது 750 என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். ஒன்றும் இல்லாமல் மஞ்சளாக மின்னினால் முலாம்.

ஒற்றுத்தாள்:
மைக்கூடு சொன்ன இடதுபக்கத் தள்ளல் முக்கியமான விசயம். ஆனால் அங்க கீறினால் முதலில பற்கள் ரெண்டும் ஒரே மட்டத்தில நிக்குதா பார்க்கவேணும். பத்து மடங்கு உருப்பெருக்கும் நகைக்காரர் கண்ணாடி ஒண்டு போதும். நிப்பை முன்னால இருந்து, கண்ணுக்கு நேரே பிடியுங்கோ. ஒரு பல் மற்றதைவிட இறங்கி நிண்டால், இறங்கின பல்லின்ர பக்கம் கீறும். உயர்ந்து நிக்கிற பல்லை நகத்தால மெதுவாகக் கீழ அழுத்தி, ரெண்டு விநாடி பிடிச்சு விடவேணும். திரும்பப் பாருங்கோ. ஒரே தடவையில சரிப்படுத்த நினைச்சு அழுத்தினால் மற்றப் பக்கம் போயிடும். உருக்குக்குக் கொஞ்சம் கூட அழுத்தம் வேணும், தங்கத்துக்கு அரைவாசியும் தேவையில்லை.

டைட்டேனியத்தைப் பற்றி நான் சொல்லுறன், ஆசைப்பட்டு வாங்கிற ஆக்கள் கூட.
நிப்புக்குப் போடுறது மென்மையான டைட்டேனியம். அமத்தினவுடன பற்கள் நல்லா விரியும், கோடு தடிச்சு மெலியும். எழுதேக்க தாளில ஒரு மெல்லிய கரகரப்பு, பென்சிலால எழுதுற மாதிரி. அதை விரும்புற ஆக்களுக்கு அது தனிச் சுகம். ஆனால் ஒரு எல்லைக்கு மேல அமத்தினால் பல் திரும்பி வராது. விரிஞ்சபடி நிக்கும். பிறகு நாக்கு மையைக் குடுக்கும், பிளவு பிடிக்காது, கோடு ரெண்டு தண்டவாளமாகப் பிரிஞ்சு போகும். திரும்ப வளைச்சு எடுக்கிறது உருக்கைவிடக் கஷ்டம். அமத்தி எழுதுற கை, கார்பன் வைச்சு எழுதுற வேலை, கொப்பியை மடியில வைச்சு எழுதுற பழக்கம், இந்த மூண்டுக்கும் டைட்டேனியம் வேண்டாம்.
டைட்டேனியம் மையைக் கூடுதலாகத் தரும். தம்பிக்கு இப்பவே மை ஊறுது. அதுக்கு மேல டைட்டேனியத்தைப் போட்டால் கொப்பியின்ர மற்றப் பக்கம் ஒண்டும் எழுதேலாது.

வல்லைவெளி:
சரி, இலக்கம் பற்றி நான் சொன்னது குறையத்தான். ஆனால் துருவைப் பற்றி ஒருவரும் சொல்லேல்லை. இரும்பு மை (இரும்பு உப்புக் கலந்த அழியா மை) போட்டால் உருக்கு நிப்பு அரிச்சுப் போகாதோ?

பூவரசு:
இரும்பு மை அமிலத்தன்மை உள்ளது. இன்றைய நிப்புகளுக்குப் போடும் கறைபிடியா உருக்கு பொதுவாகத் தாங்கும். பழைய சாதாரண உருக்கு நிப்பு தாங்காது. அரிப்பு தொடங்குவது முலாம் உரிந்த இடத்திலும் பிளவின் உள்விளிம்பிலும். தங்கமும் டைட்டேனியமும் இந்த விசயத்தில் கவலையில்லை, அந்த உலோகங்களுக்குக் காசு கொடுப்பதற்கு நேர்மையான காரணம் இதுதான். உருக்கு என்றால் இரும்பு மையை வாரம் ஒருமுறை கழுவி நிரப்புங்கள். பாதி மையோடு ஒரு மாதம் மேசை லாச்சிக்குள் கிடக்க விடாதீர்கள்.

நீலமை:
நன்றி அண்ணைமார். அப்ப உருக்கு எண்டு முடிவு. அளவு எஃப் (மெல்லிசு) எடுக்கவோ, ஈஎஃப் (மிக மெல்லிசு) எடுக்கவோ? 1.1 ஸ்டப் எண்டொண்டும் இருக்கு, எழுத்து வடிவாக வரும் எண்டுறாங்கள்.

மைக்கூடு:
ஸ்டப் நுனி நேராக வெட்டியது. மேலிருந்து கீழ் இழுத்தால் தடிப்பு, பக்கவாட்டில் இழுத்தால் மெலிவு. ப, ட, ம, ய போன்ற நேர்க்கோட்டு எழுத்துகளுக்கு அது அழகைக் கொடுக்கும். ஆனால் 1.1 மி.மீ. கோட்டால் ண வின் சுழிகளை எழுத, எழுத்தின் உயரம் குறைந்தது 6, 7 மி.மீ. வேண்டும். கோடு போட்ட கொப்பியில் நடு வெளியிலேயே எழுத்தை அடக்கவேண்டும், மேலே விசிறியும் (கி, கீ) கீழே உகரக் காலும் (கு) வரும். இடம் போதாது. அழைப்பிதழ் உறை எழுத, தலைப்பு எழுத வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மன் எஃப்பும் ஜப்பான் எஃப்பும் ஒன்றல்ல. பைலட், பிளாட்டினம், சேலர் நிப்புகளின் எஃப், ஜெர்மன் ஈஎஃப்புக்குக் கிட்ட வரும். உங்களுக்கு வரப்போவது ஜெர்மன் அல்லது இந்திய 6ஆம் இலக்கம் என்றால் ஈஎஃப் எடுங்கள்.

ஒற்றுத்தாள்:
ஈஎஃப் எண்டதில எனக்கும் சம்மதம், ஆனால் ஒரு எச்சரிக்கை. கோடு மெலியிற அளவுக்கு, பற்கள் அரைத் தலைமயிர் அளவு விலகினாலும் கீறும். கண்ணாடி இல்லாமல் ஈஎஃப் வாங்கவேண்டாம்.

இப்ப மாத்துற முறை. முதல் நாள் இரவு கழுத்தைக் கழற்றி, நிப்புப் பக்கம் கீழ இருக்கத் தண்ணியில விடுங்கோ. காய்ஞ்ச மைதான் பிடிச்சு வைச்சிருக்கும். காலமை ஈரம் துடைச்சு, பழைய சைக்கிள் ரியூப் துண்டு ஒண்டால நிப்பையும் நாக்கையும் சேர்த்துப் பிடியுங்கோ, நாக்கின்ர அடியில பெருவிரல், நிப்பின்ர தோளுக்கு மேல சுட்டுவிரல். நுனியில கை படக்கூடாது. நேராக இழுக்கவேணும். திருகினால் நாக்கின்ர மெல்லிய செதில் உடையும். குறடு வேண்டவே வேண்டாம்.

கழற்ற முதல் ஒரு படம் எடுத்து வையுங்கோ: நாக்கின்ர நுனி நிப்பின்ர நுனியில இருந்து எவ்வளவு தூரத்தில நிக்குது, நிப்பு கழுத்துக்கு வெளிய எவ்வளவு. புதுசையும் அதே இடத்தில நிப்பாட்டினால் பாதி வேலை முடிஞ்சுது. நிப்பு முன்னால கூட வந்தால் மை குறையும், நாக்கு நுனிக்குக் கிட்ட வந்தால் கூடும்.

புது நிப்பில அடிச்ச எண்ணெய்ப் பசை இருக்கும். ஒரு கோப்பை தண்ணியில பாத்திரம் கழுவுற திரவம் ஒரு துளி விட்டு, அஞ்சு நிமிஷம் ஊறவைச்சுக் கழுவுங்கோ. பிறகு நிப்பை நாக்கில வைச்சு, பிளவு நாக்கின்ர நடு வாய்க்காலுக்கு நேரே நிக்கிறதைப் பார்த்து, ரெண்டையும் ஒண்டாகக் கழுத்துக்குள்ள தள்ளுங்கோ. கழுத்துக்குள்ள ஒரு இடத்தில மட்டும் இலகுவாக இறங்கும் எண்டால், பலவந்தப்படுத்தாமல் சுத்திப் பார்த்து அந்த இடத்தைப் பிடியுங்கோ.

கடைசியாக ஒரு சோதனை. ரிசுத் தாள் மாதிரி மெல்லிய தாள்க் கீலம் ஒண்டை நிப்புக்கும் நாக்குக்கும் இடையில நுழைச்சுப் பாருங்கோ. மூச்சுத் துளைக்கு (பிளவு முடியிற இடத்து ஓட்டைக்கு) முன்னால சுலபமாக நுழைஞ்சால் இடைவெளி இருக்கு எண்டு அர்த்தம்.

வல்லைவெளி:
இடைவெளி இருந்தால் கொதிதண்ணியில போட்டு அமத்தினால் நாக்கு படிஞ்சிடும்.

ஒற்றுத்தாள்:
எபனைட் (கடின ரப்பர்) நாக்கெண்டால் ஓம். திருவள்ளூர் ரங்கா பேனை மாதிரி எபனைட் நாக்கு வாறதுகளுக்கு, 80 பாகை அளவு சுடுதண்ணியில நிப்பும் நாக்கும் மட்டும் தோயிறமாதிரி 30 விநாடி பிடிச்சு, வெளிய எடுத்தவுடன நிப்பை நாக்கோட அமத்திப் பிடிச்சுக் குளிர விடலாம். தேவையெண்டால் ரெண்டு, மூண்டு தரம்.
ஜின்ஹாவ் நாக்கு பிளாஸ்திக்கு. கொதிதண்ணியில அது முறுகும், செதில்கள் ஒட்டிக்கொள்ளும், பிறகு மை கட்டுப்பாடில்லாமல் துளித்துளியாக விழும். பிளாஸ்திக்கு நாக்குக்குச் சூடு காட்டாமல், தகட்டைத்தான் கையால கொஞ்சம் வளைவு மாத்தவேணும். அதுவும் சரிவராட்டி வேற கொம்பனி நிப்பு எடுக்கிறது நல்லது.

பூவரசு:
தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணக்கல் ஊடாக வருவது. கேத்தில் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு நாக்கின் வாய்க்காலிலும் படியும். ஒவ்வொரு கழுவலுக்கும் கொஞ்சம். வெளியில் தெரியாது, மை மட்டும் மெல்ல மெல்லக் குறைந்து வரும், பிறகு நிப்பு பழுது என்று நினைத்து நிப்பை மாற்றுவார்கள். கிணற்று நீரில் கழுவினாலும் கடைசி அலசலை வடித்த நீரில் செய்யுங்கள். வாகன பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீர்ப் போத்தல் போதும். அமிலப் போத்தலும் அதே தட்டில் இருக்கும், லேபிளைப் பார்த்து எடுங்கள். முன்பே படிந்திருந்தால் ஒரு பங்கு வெள்ளை வினாகிரிக்கு ஒன்பது பங்கு நீர், நாக்கை மட்டும் பத்து நிமிடம், பிறகு நன்றாக அலசல்.

மைக்கூடு:
புள்ளி விழாத பிரச்சினைக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. அதற்கு நிப்பு காரணமில்லாமலும் இருக்கலாம். காலையில் மட்டும் விழாமல், இரண்டு வரி எழுதியபின் ஒழுங்காக எழுதினால், மூடிக்குள் மை காய்கிறது. எங்கள் வெக்கைக்கு அது சகஜம். மூடியின் வாயை உதட்டில் வைத்து ஊதிப் பாருங்கள். கிளிப் அடியாலோ தலைப்பக்கத்தாலோ காற்றுப் போனால் அதுதான் இடம். உள்ளே ஒரு துளி மெழுகுதிரி மெழுகை உருக்கி விட்டு, தலைகீழாக ஆறவிடுங்கள்.

அப்படியில்லாமல் ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் தவறினால் மணியை அளவுக்கு மீறித் தேய்த்திருக்கிறார்கள். பிளவின் இரு பக்கமும் உள்நோக்கி வளைந்து, நடுவில் மை தாளைத் தொடாமல் நிற்கும். நீண்ட கோட்டில் அது தெரியாது. தமிழில் புள்ளி வைக்கும்போதுதான் தெரியும், ஏனென்றால் புள்ளிக்குப் பேனை ஒருமுறை தொட்டு எடுப்பதோடு சரி, இழுவை இல்லை. புது நிப்பு வந்தவுடன் "க் ங் ச் ஞ்" என்று பத்து வரி எழுதிப் பாருங்கள், அதைவிட நல்ல சோதனை இல்லை. தவறினால் 12000 இலக்க மைக்ரோமெஷ்ஷில் (மிக மென்மையான மெருகுத் தாள்), மையோடு, அழுத்தாமல், எட்டு வடிவில் ஐந்து சுற்று. எழுதிப் பார்த்து மறுபடி ஐந்து. சாதாரண அரத்தாள் மணியை ஒரே நிமிடத்தில் தின்றுவிடும்.

ஒற்றுத்தாள்:
பிளவைச் சுத்தம் செய்ய பிளேட் போடுற பழக்கத்தையும் விடுங்கோ. சவர பிளேட் 0.1 மி.மீ. தடிப்பு, விளிம்பு உள்பக்கத்தைக் கீறும், பற்களையும் விரிக்கும். 0.05 மி.மீ. பித்தளைத் தகடுதான் வேணும், நிப்பைவிட மென்மை. தங்க நிப்பெண்டால் பித்தளையையும் ஒரு தடவைக்கு மேல இழுக்கவேண்டாம்.

வல்லைவெளி:
வேற பேனை வைச்சிருக்கிற ஆக்கள் இதை வாசிச்சால்? லாமி, பெலிக்கன்?

பூவரசு:
லாமி சபாரி, அல்ஸ்டார், விஸ்டா, ஸ்டூடியோ எல்லாம் ஒரே வகை நிப்பு, நாக்கின் மேல் வழுக்கி ஏறும். நிப்பின் மேல் ஒட்டும் நாடாவை ஒட்டி நேரே இழுத்தால் வந்துவிடும். 14 கரட் நிப்பும் அதே இடத்தில் ஏறும். லாமி 2000 இதில் சேராது. பெலிக்கன் எம்200க்கு எம்400இன் 14 கரட் அலகு மரையோடு அப்படியே பொருந்தும், எம்600, எம்800 பொருந்தா. பைலட் மெட்ரோபொலிட்டன், ககுனோ, பிரேரா நிப்புகள் ஒன்றுக்கொன்று மாறும். ஹீரோ 616 போன்ற, நுனி மட்டும் வெளியே தெரியும் மூடுநிப்புப் பேனைக்கு 5, 6 என்ற இலக்கமே இல்லை, அதே பேனையின் நிப்புத்தான் வேண்டும்.

நீலமை:
அளந்திட்டன். பழைய நிப்பு முழு நீளம் 35, அகலம் 9. ஈர்க்கால மூடி ஆழம் எடுத்துக் கணக்குப் பார்த்தால் முன்னுக்கு 2.5 மி.மீ. மிச்சம். மூடியை ஊதினால் கிளிப் அடியால காத்துப் போகுது. உருக்கு ஈஎஃப் ஒண்டு சொல்லப்போறன். ஜோவோவோ, இந்திய கான்ரைட்டோ?

ஒற்றுத்தாள்:
ஜோவோ ஈஎஃப். வரும்வரைக்கும் மூடிக்கு மெழுகு விடுங்கோ, நாக்கை வினாகிரித் தண்ணியில கழுவுங்கோ, பழைய மீடியத்தையே போட்டு ஒரு கிழமை எழுதுங்கோ. புள்ளி விழத் தொடங்கினால் பழைய நிப்பில பிழையில்லை, அதை எறியவேண்டாம். ஜோவோ வந்தவுடன நாக்கில வைச்சுத் தாள்க் கீலம் விட்டுப் பார்த்துப்போட்டு, நுழைஞ்சால் படம் ஒண்டு பக்கவாட்டில எடுத்து இங்க போடுங்கோ. எந்த இடத்தில தூக்குது எண்டு பார்த்துத்தான் எங்க வளைக்கிறது எண்டு சொல்லேலும்.